கன்னிமூலைக் கிணறு

பஞ்சாயத்துக் கமிட்டியில் பெண் ஒருத்தி இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம். தேர்தலில் எந்தப் பெண்ணும் நிற்கவில்லை. அப்படியானால் ஜெயித்த ஆண்கள் கூடி ஒருத்தியைப் பார்த்து உட்கார வைத்துக்கொள்ளலாம். எழுபதுகளின் நடுவில் அப்படிப் பிடித்து உட்கார வைக்கப்பட்டவள் நான். என் படிப்பைப் பார்த்து ஒன்றும் கூப்பிடவில்லை, நான் எட்டாவதோடு நின்றவள். என் வீட்டுக்காரருக்கு ஊரில் பகை கிடையாது, எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம். இவ்வளவுதான் என் தகுதி.

எனக்கு "லேடி மெம்பர்" என்று பெயர். ஆண்களெல்லாம் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். என் நாற்காலியைக் கதவோரம் தனியாகப் போட்டிருந்தார்கள். டீயும் பருப்பு வடையும் வரும். கடைசியில் நோட்டுப் புத்தகத்தை என் மடியில் கொண்டுவந்து வைத்து, விரலால் இடத்தைக் காட்டுவார் செக்ரட்டரி. கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். என் வாயைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எங்கள் கட்டுத்தரையில் சாணி அள்ளி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவள் ஒருத்தி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். எங்கள் வெள்ளாமைக் காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியில் அவள் குடிசை. எனக்கு ஒரு வாய் என்றால் அவளுக்கு ஒன்றேகால். நான் மெம்பரான மறுநாள் துடைப்பத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"பண்ணாடிச்சி மெம்பராயிட்டீங்களாமா? எங்களுக்கென்னங்க லாபம்?"

"உனக்கென்ன லாபம் வேணும்?"

"ஒரு கெணறு போட்டுக் குடுங்க. அப்பறம் மெம்பர்னு ஒத்துக்கறனுங்க."

எங்கள் கிணற்றில் காலனிக்காரர்கள் தண்ணீர் சேந்தக்கூடாது. நாங்கள் சேந்தி அவர்கள் குடத்தில் ஊற்றலாம். அந்த வழக்கத்தை நான் ஒருநாளும் தட்டிக் கேட்டதில்லை. கேட்டேன் என்று இந்த வயதில் பொய் சொல்லவும் மாட்டேன். மோட்டார் ஓடுகிறபோது அவர்கள் வாய்க்காலில் பிடித்துக்கொள்வார்கள். மாசி பிறந்துவிட்டால் எங்கள் கிணறே அடியில் கிடக்கும். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். அப்போது அவர்களுக்கு ஆற்றுக்குழிதான் கதி. மணலைத் தோண்டி, ஊறுகிற கலங்கலைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் விடவேண்டும். பக்கத்துக் குழியில் எருமை படுத்திருக்கும்.

தை மாதத்தில் அடுத்த வருஷத்துத் திட்டத்துக்கான முதல் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு வார்டாக எழுந்து கேட்டார்கள். ரோட்டுக்கு ஜல்லி, ஓடைக்கு ஒரு பாலம், விளக்குக் கம்பம். எல்லாரும் கேட்டு முடித்த பிறகு நான் எழுந்தேன்.

"எனக்கு ஒரு கெணறு வேணுமுங்க."

சிரித்தார்கள். பிரசிடெண்டும் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! "சிரிக்கறதுக்கு என்ன இருக்குது? ஆத்துக்குழித் தண்ணிய ஒரு செம்பு கொண்டாந்து இந்த மேசைல வெக்கறேன். குடிச்சுப்போட்டுச் சிரிங்க" என்றேன். பிரசிடெண்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "செரி, லேடி மெம்பருக்கும் ஒண்ணு இருக்கட்டும்" என்றார். செக்ரட்டரி எழுதிக்கொண்டார்.

அன்று நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்துதான் வந்தேன்.

செக்ரட்டரி ஒரு நிபந்தனையும் சொல்லியிருந்தார். எங்களுடையது மலையாள ராஜ்யத்தில் சேர்ந்துவிட்ட எல்லையோரத் தமிழ் ஊர். அவர் மேற்கத்தி மனிதர், எங்கள் தமிழையும் தன் மலையாளத்தையும் கலந்து பேசுவார். கிணறு வெட்டுகிற இடத்துக்காரர் பஞ்சாயத்துக்கு இடத்தை இனாமாக எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குச் சம்மதபத்திரம் என்று பெயர். மார்ச் மாதம் பட்ஜெட் கூட்டத்தில் அந்த வேலையின் பெயரை வாசிக்கும்போது காகிதம் மேசையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு வார்டுக்குப் போய்விடும். எதையாவது பிடுங்கிக்கொள்ள எல்லா வார்டும் காத்துக்கொண்டுதான் இருந்தன.

இடத்துக்கு எங்கே போவது? காலனியை ஒட்டி இருந்தது எங்கள் காடுதான். வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஒரு செண்டுதான புள்ள, போனாப் போவுது" என்றார். அவர் சுபாவம் அப்படி. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அதுவும் சரி என்பதாகத்தான் இருக்கும்.

ஓவர்சியர் வந்தார். வண்டித்தடத்தை ஒட்டி, வடமேற்கு ஓரத்தில் ஒரு முளைக்குச்சி அடித்தார். "இது போதும். கல் இறக்கவும் சௌகரியம்" என்றார். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடினேனா? என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அந்த இடத்தில்தான்.

"தேங்காய் பாக்காம யாராச்சும் கெணறு வெட்டுவாங்களா?" என்றேன்.

எங்கள் கிழக்குப் பக்கம் மழை குறைவு. கிணறு வெட்டிப் பாறை கண்டு நொடித்துப்போனவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அதனால் நீரோட்டம் பார்க்காமல் யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஒருவர் காட்டில் நடப்பார். கீழே தண்ணீர் ஓடுகிற இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். ஓவர்சியருக்குச் சிரிப்பு. "உங்க இஷ்டம் அம்மா. எனக்கு ஒரு குழி வேணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து ஒருவரை வரவழைத்தேன். காலனியே திரண்டு பின்னால் நடந்தது. ஓவர்சியர் அடித்த முளைக்குச்சிக்கு மேல் தேங்காய் அசையாமல் படுத்துக் கிடந்தது. காடு முழுக்கச் சுற்றினோம். வெயில் ஏறிவிட்டது. தென்மேற்கு மூலைக்கு வந்ததும் தேங்காய் ஒரு ஆட்டம் ஆடி எழுந்து நின்றது.

"எந்திரிச்சிருச்சுங்க பண்ணாடிச்சி!" என்று என் கையைப் பிடிக்க வந்த கட்டுத்தரைக்காரி, பாதியில் நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தேங்காய்க்காரர் மட்டும் திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது ஊட்டுக்குக் கன்னிமூலை ஆச்சுங்களே அம்மிணி" என்றார்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். வீட்டுக்குத் தென்மேற்கில், கன்னிமூலையில், பள்ளம் எடுத்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது. அங்கே உரல் குழிகூட வெட்டமாட்டார்கள். காலனி சனம் கலைந்து போனது. அவள் மட்டும் நின்றாள்.

"பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்துட்டா அப்பறம் அது உங்க எடமில்லீங்களே. பஞ்சாயத்து எடம்தானுங்களே. உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்றாள். நல்ல மூளை அவளுக்கு. நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"காயிதம் குடுத்துருவீங்கல்ல?"

"குடுத்துருவேன், போ" என்றேன்.

ஆறாம் நாள் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. வரப்பில் நடந்து வந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காரைப் பிடித்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இந்தத் தடவை தப்பித்தார், இனி ஜாக்கிரதை என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் அந்தத் தேங்காய் எழுந்து நின்றதுதான் என் கண்ணில் ஆடியது. இன்னும் ஒரு கூடை மண்கூட எடுக்கவில்லை. அதற்கே இப்படி என்றால்?

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மீட்டிங் எப்ப புள்ள? அந்தக் காயிதத்தக் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." 

"இப்ப எதுக்குங்க மாமா? படுங்க முதல்ல" என்றேன். மறுநாளும் கேட்டார். காகிதம் இன்னும் ஆபீசிலிருந்து வரவில்லை என்றேன். அது சமையலறையில் மிளகு டப்பாவுக்கு அடியில் இருந்தது.

ஓவர்சியர் சொன்ன இடத்திலேயே வெட்டிவிடலாமே என்று காலனித் தடத்தில் நின்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "தேங்காய் படுத்துக் கெடந்த எடத்துல பாறைதானுங்க வரும். கெணறு குடுத்தாச்சுன்னு எழுதிப்போடுவாங்க. அப்பறம் நாங்க சாகிற மட்டும் வேற கேக்க முடியாதுங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? தேங்காய்க்காரரைக் கூட்டி வந்தது நான்.

மார்ச் கூட்டத்தில் வேலைகளை ஒவ்வொன்றாக வாசித்தார் செக்ரட்டரி. பெயரை வாசித்ததும் மெம்பர் எழுந்து காகிதத்தை மேசையில் வைப்பார். அடுத்தது. மறுபடி ஒரு காகிதம். அடுத்தது. என் முறை வந்தது.

"காலனிக் கெணறு. லேடி மெம்பரே, சம்மதபத்ரம் எவிடெ?"

எழுந்து நின்றேன். அவருக்கு உடம்பு சரியில்லை, ஒரு மாசம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது என்றே சொல்லியிருக்கலாம். அதில் என்ன கேவலம்? ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"ஊட்டுல அவரு ஒத்துக்கலீங்க."

"பாவம், சுகமில்லாத மனுஷன். விடுங்க" என்றார் பிரசிடெண்ட். செக்ரட்டரி அடித்துவிட்டு எழுதினார். என் கிணறு இன்னொரு வார்டில் குளத்துக்குப் படித்துறையாகப் போயிற்று. அந்த வார்டு மெம்பர் எழுந்து வந்து, தன் தட்டிலிருந்த வடையை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் அதையும் தின்றேன்.

மறுநாள் கட்டுத்தரையில் அவளிடமும் அதே பொய்யைச் சொன்னேன். பண்ணாடி சம்மதிக்கவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்னாக் கேப்பாருங்களே?"

"எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா? வேலையப் பாருடி!" என்று கத்தினேன். தொழுவத்தில் மாடு மிரண்டது. "செரிங்க" என்றாள். எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவள், அந்த ஒரு சொல்லோடு குனிந்து சாணியை அள்ளினாள். அவள் திருப்பித் திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

வீட்டுக்காரரிடம் வேறு மாதிரி சொன்னேன். பஞ்சாயத்தில் கிணற்றை வேறு வார்டுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றேன். அதிலும் ஒரு பாதி உண்மை இருந்தது அல்லவா? "அட, ஏமாத்திப்போட்டாங்களா" என்று வருத்தப்பட்டார்.

அந்தக் கோடையில் காலனியில் வாந்திபேதி பரவியது. அவள் காலையில் வேலைக்கு வந்தாள். நடுவில் இரண்டு தடவை காட்டுப் பக்கம் போய்விட்டு வந்து, வேலிக்கால் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். முகம் வெளுத்திருந்தது. "ஊட்டுக்குப் போ" என்றேன். "தண்ணி காட்டிப்போட்டுப் போறனுங்க" என்றாள். நான்கு மாட்டுக்கும் தொட்டியில் தண்ணீர் காட்டினாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர். அதில் ஒரு வாய் அவள் குடிக்கவில்லை, குடி என்று நானும் சொல்லவில்லை. மறுநாள் விடியும்போது அவள் புருஷன் ஓடி வந்தான். வண்டி பூட்டச் சொன்னேன். காளையை நுகத்தில் வைப்பதற்குள் இன்னொருவன் வந்து, இனி வண்டி வேண்டாம் என்றான்.

நாங்கள் காலனிக்குள் போகிற வழக்கமில்லை. தடத்தில் நின்று பார்த்தேன். பாடையில் கிடந்தவள் பாதியாக வற்றியிருந்தாள். ஒரே நாளில் ஒரு உடம்பு அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. அடிப்பாவி, அந்தத் தொட்டியில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்திருக்கக்கூடாதா என்று அவளைத்தான் மனதுக்குள் திட்டினேன். யாரைத் திட்டவேண்டும் என்று தெரிந்தேதான் திட்டினேன்.

என் வீட்டுக்காரர் தேறிக்கொண்டே வந்தார். ஆடி மாதம் வரப்பில் நடந்தார். ஐப்பசியில் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு மீனாட்சிபுரம் சொசைட்டிக்குப் போனார். கோயிலில் பெண்கள் என்னிடம் வந்து, "நல்லவேளை, கன்னிமூலைல கை வெக்க உடாம உங்க ஊட்டுக்காரரு நிறுத்திப்போட்டாரு" என்றார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். இன்றைக்கு நம்புகிறாயா என்று யாராவது கேட்டால், இல்லை என்று ஒரேயடியாகச் சொல்ல என் நாக்கு எழாது.

அடுத்த வருஷம் அந்தக் கிணறு மறுபடியும் பட்டியலில் வந்தது. வாந்திபேதியைப் பார்க்க வந்த சுகாதாரத்துக்காரர் அவசியம் என்று எழுதி அனுப்பியிருந்தாராம். மார்ச் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது செத்துப்போனவளின் புருஷன் எங்கள் வாசலுக்கு வந்தான். வீட்டுக்காரர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் தள்ளி நின்றான்.

"கெணத்துப் பேச்சு திரும்பவும் வருதுன்னாங்க சாமி. உங்களுக்கு இஷ்டமில்லாத எடத்துல எங்களுக்கு வேண்டாமுங்க. அவ போயிட்டா. போனவ கெணறு வெட்டினாத் திரும்பி வரப் போறாளுங்களா? நீங்க நல்லா இருந்தாத்தான நாங்க கஞ்சி குடிக்க முடியும். போன வருசம் நீங்க மாட்டேன்னதுல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. அதச் சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க."

அவர் கை நின்றது. தலையைத் திருப்பி, கதவருகில் நின்ற என்னைப் பார்த்தார். அவன் பக்கம் திரும்பி, "ஆமாப்பா, நாந்தான் மாட்டேன்னேன். தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றார்.

அவன் பதறிப்போய், "அப்பிடிச் சொல்லாதீங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

சமையலறைக்கு வந்து என் முன்னால் கை நீட்டினார். மிளகு டப்பாவுக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மசாலா வாசனை ஏறி மஞ்சளித்துப் போயிருந்தது. கையெழுத்துப் போட்டு என் கையில் வைத்தார். "கொண்டுபோய்க் குடு. கன்னிமூலையே இருக்கட்டும்" என்றார்.

கூட்டத்துக்கு அந்தக் காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கொடுத்துவிடத்தான் போனேன், சத்தியமாக. வழியில் சைக்கிள் மணி கேட்டுத் திரும்பினால் அவர்தான், சொசைட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தார். முகத்தில் நல்ல ரத்தம் ஓடியது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

செக்ரட்டரி வாசித்தார். "காலனிக் கெணறு. சம்மதபத்ரம்?"

பை என் மடியில்தான் இருந்தது. எழுந்தேன்.

"அந்த ஆளுகளே வேண்டாங்கறாங்க" என்றேன்.

"வேண்டாமா? வெள்ளம் வேண்டாம் என்றா?" தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வார் செக்ரட்டரி. பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க. ஊட்டுக்கே வந்து சொல்லிப்போட்டுப் போனாங்க."

உபயோகிக்கிறவர்களுக்குத் தேவையில்லை என்று எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் நோட்டை என் மடியில் வைத்து விரலால் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

சாயங்காலம், "குடுத்துட்டியா?" என்று கேட்டார்.

"குடுத்துட்டனுங்க மாமா."

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ஓவர்சியர் வருவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். தென்மேற்கு மூலையில் இருந்த கள்ளிச்செடியை ஆள் விட்டு வெட்டி, இடத்தைச் சுத்தம் செய்தும் வைத்தார். ஆனியில் ஒருநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தானே ஆபீசுக்குப் போனார். அங்கே செக்ரட்டரி நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டி, கீழே என் கையெழுத்தையும் காட்டியிருக்கிறார். வேறு காகிதம் எழுதித் தருகிறேன் என்று இவர் கேட்டாராம். தேவையில்லை என்று தீர்மானமானதை இந்தக் கமிட்டி இருக்கிற வரைக்கும் திறக்க முடியாது என்றாராம். இதெல்லாம் ஆபீஸ் பியூன் சொல்லி எனக்குப் பிறகு தெரிந்தது.

அவர் வந்தபோது முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கத்தட்டும், அடிக்கட்டும், பதிலுக்கு நானும் கத்தலாம் என்று தயாராக நின்றேன். உங்களுக்காகத்தானே செய்தேன் என்று சொல்ல வாயில் வைத்திருந்தேன். வெயிலில் நடந்து வந்திருக்கிறாரே என்று செம்பில் தண்ணீரும் கொண்டுபோய் நீட்டினேன். என்னைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். தானே சேந்தி, வாளியிலிருந்து கையால் அள்ளிக் குடித்தார்.

அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். நெஞ்சுவலி திரும்ப வரவே இல்லை. நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டார், மகள் கல்யாணத்தை என்னோடு நின்று நடத்தினார், விதைக்கு என்ன விலை, மாடு எத்தனை படி கறந்தது என்றெல்லாம் பேசினார். தண்ணீர் மட்டும் என் கையால் வாங்கியதில்லை. இலைக்கு முன் உட்காருவதற்கு முன்னால் செம்போடு போய்த் தானே சேந்திக்கொண்டு வருவார். காய்ச்சலில் கிடந்த நாளிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். பார்க்கிறவர்கள், பொண்டாட்டிக்கு வேலை வைக்காத மனுஷன் என்று மெச்சினார்கள்.

கடைசி நாளில் விக்கல் எடுத்தது. சுற்றி நின்றவர்கள், நீ ஊற்று, நீதான் ஊற்றவேண்டும் என்று என் கையில் டம்ளரைக் கொடுத்தார்கள். உதட்டருகில் கொண்டுபோனேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டை இறுக மூடிக்கொண்டார். மகள் என் கையிலிருந்து டம்ளரை வாங்கி ஊற்றினாள். குடித்தார்.